ரப்பருக்கு ஆகாதது

மேட்ரன் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய கணவர்தான். உண்மையில் அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் மேட்ரனாக இருந்தவள் அல்ல. முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது, இதுதான் அவளுடைய வேலை. அதற்கென்று முறையாகப் படித்து, சீருடை போட்டு, முட்டி தேய்கிற வரைக்கும் செய்தாள். அறைக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னலைத் திறப்பாள், பிறகு தலையணையைத் தட்டுவாள், அதற்கப்புறம்தான் ஆளைப் பார்ப்பாள். "எழுந்திருங்க" என்று அவள் சொன்னால் அது கேட்பதுமில்லை, கெஞ்சுவதுமில்லை. எழுந்தாகிவிட்டது என்று அறிவிப்பது போல இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு காலையில் அப்படி எழுப்பப்பட்ட கணவர் வைத்த பெயர் அது. தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் முதுகை வளைத்து வேலை பார்த்தவர். மேலே தூக்குவது மோட்டாரின் வேலை, கீழே விழாமல் நிறுத்துவதுதான் மெக்கானிக்கின் வேலை என்பார். அவர் கை வைத்த லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் அவருடைய கார் நின்றது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே பேர் உட்காரலாம். அதில் ஏறுவதும் குளியல் தொட்டிக்குள் இறங்குவதும் ஒன்றுதான் என்று மேட்ரன் சொல்வாள். யாரோ கழித்துக் கட்டியதை இழுத்து வந்து, லீவு நாளெல்லாம் அதற்கடியில் படுத்துக் கிடந்து உயிர் கொடுத்திருந்தார். மேட்ரன் அதைச் 'சின்ன வீடு' என்பாள். மகளோ விவரம் தெரிந்த நாளிலிருந்து அதற்கு முறை வைத்து 'சித்தி' என்றே சொல்லி வளர்ந்தாள். இப்போது வெளியூரில் குடும்பமாக இருக்கிறாள். போன் செய்தால் அப்பா எப்படி இருக்கிறார், சித்தி எப்படி இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் விசாரிப்பாள்.

நடுக்கம் முதலில் வலது கட்டைவிரலில் வந்தது. பிறகு இரண்டு கைக்கும் பரவியது. நடை குறுகியது. கையைவிட அவளுக்குச் சிரமமாக இருந்தது அவர் முகம்தான். இந்த நோயில் முகத்துத் தசை இறுகிப் போகும், உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது என்று அவளுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவள்தான். ஆனால் வாழ்க்கை முழுக்கக் கேலி பேசிய ஒரு மனிதர் மரப்பலகை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒன்று சொல்லும்போது, இது கேலியா கோபமா என்று ஊகித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

மருந்து விஷயத்தில் மட்டும் தொந்தரவே இல்லை. காலையில் மாத்திரைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் பார்க்கக்கூட மாட்டார். ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தபடி கையை வாயில் கவிழ்த்து, தண்ணீரைக் குடித்துவிடுவார். மாத்திரைக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவர்களையும், கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புகிறவர்களையும் சமாளித்துப் பழகியவளுக்கு அது பெரிய நிம்மதி. இதைப் போல ஒரு நோயாளி கிடைக்க மாட்டார் என்று மகளிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

வண்டி வெகு நாளாக ஓடாமல் நின்றதில் பிரேக் போய்விட்டது. பெடலை மிதித்தால் தரைவரைக்கும் இறங்கியது. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்து டயரெல்லாம் கறை. எல்லா ரப்பரும் செத்துப்போயிருக்கும், மொத்தமாகக் கழற்றி மாற்ற வேண்டும் என்றார் அவர். கழற்றுவதற்குத்தான் கை இல்லை.

ஒரு காலையில் மேட்ரன் சமையலறையில் இருந்தபோது எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரேக் இல்லாத வண்டி, நடுங்குகிற கை, திறந்து கிடக்கிற ஷெட் கதவு. சாவியை உருவிக்கொண்டு, என்ன நினைப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மா சத்தம் கேட்க ஆசையாக இருந்தது என்றார். அன்றிலிருந்து இந்த வண்டி எப்படியாவது வீட்டைவிட்டுத் தொலைந்தால் போதும் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரருக்கு வண்டியின் மேல் ஒரு கண். இவரை அண்ணே என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிற மனிதர். வண்டியைத் தனக்கே கொடுத்துவிடும்படி எப்போது வந்தாலும் கேட்பார். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்பார்.

பிரேக் வேலையைத் தானே செய்வதாக மேட்ரன் சொன்னது அன்பினால் மட்டும் அல்ல. மெக்கானிக் யாரையாவது கூட்டி வந்தால் இவர் எழுந்து போய்க் கையை நீட்டுவார், நடுங்கும், அந்த ஆள் பரிதாபமாகப் பார்ப்பான், இவர் நாலு நாள் சாப்பிட மாட்டார். அதற்கு, அவர் சொல்லச் சொல்லத் தானே செய்துவிடுவது சுலபம்.

"உன்னால முடியுமா?" என்றார்.

"மனுஷங்களுக்கே எல்லாக் குழாயும் மாட்டிக் கழட்டியிருக்கேன். இது என்ன, கத்தவா போகுது?" என்றாள்.

நாலு பேர் சேர்ந்து தூக்குவது போல நான்கு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி ஏறியது. டிரைவிங் ஸ்கூல்காரர் ஜாக்கி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, இவள் தரையில் பழைய மெத்தை விரிப்பைப் போட்டுப் படுத்துச் செய்தாள். முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். பெடலை மிதித்தால் பானெட்டுக்குள் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகும். அங்கே பிஸ்டன்கள் நகர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். எங்கெல்லாம் பிஸ்டன் உண்டோ அங்கெல்லாம் எண்ணெய் கசியாமல் தடுக்க ரப்பர் வாஷர் உண்டு. இவ்வளவுதான் விஷயம் என்று அவர் சொன்னபோது, இது நம்ம ரத்த ஓட்டம்தானே என்றாள். எண்ணெய் எங்கே போனாலும் அதைப் பெயின்ட்டில் சிந்தவிடாதே, தோலை உரிக்கிற மாதிரி உரித்துவிடும் என்றார். அவள் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து வண்டிக்கு இடுப்புத்துணி கட்டிவிட்டாள்.

அது நல்ல காலம். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. சக்கரத்துக்குள்ளிருக்கிற எண்ணெயைத் திறந்துவிடுகிற திருகான நிப்பிள் ஒன்று துருப்பிடித்துத் திரும்ப மறுத்தபோது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது போல அதைச் சூடாக்கி, தட்டி, பொறுமையாக மறுபடி திருப்பச் சொன்னார். திரும்பியது. பிஸ்டனையெல்லாம் ஸ்பிரிட்டில் கழுவி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆபரேஷன்?" என்றார். "உங்க சின்ன வீட்டுக்கு" என்றாள். அவர் முகம் அசையவில்லை. ஆனால் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள்.

புது வாஷர்களைப் போடும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரப்பருக்கு இதற்கென்றே வருகிற சிவப்புக் கிரீஸ்தான் தடவ வேண்டும். அது இல்லாவிட்டால் புது பிரேக் ஆயிலிலேயே நனைத்துப் போட வேண்டும். வேறு எந்த எண்ணெயும், எந்தக் கிரீஸும் ஆகாது. அவளும் அப்படியே செய்தாள், நான்கு சக்கரத்துக்கும். மிஞ்சியது மாஸ்டர் சிலிண்டர்.

அதை மாட்ட வேண்டிய அன்று மத்தியானம் அவருக்கு உடம்பு ரொம்பவே இறுகிப்போயிருந்தது. உருவிவிட்டுப் படுக்க வைத்தாள். அவர் தூங்கியதும், எழுந்திருப்பதற்குள் முடித்துவைத்தால் சந்தோஷப்படுவார் என்று ஷெட்டுக்குப் போனாள். எப்படிப் போட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். சிவப்புக் கிரீஸ் ட்யூபை அமுக்கினால் காற்றுதான் வந்தது. பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டுப் பார்த்தாள். வாஷரின் உதடு ஓரத்தில் மடங்கிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. விரல் வெடிப்பில் எண்ணெய் பட்டு எரிந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. இடுப்பு வலித்தது. வேலைக்காகச் சேலை மேல் மாட்டியிருந்த அவருடைய பழைய சட்டைப் பையில் சின்ன டப்பா ஒன்று இருந்தது. அவர் குதிகாலுக்குத் தடவுகிற பெட்ரோலியம் ஜெல்லி. அப்போதுதான் தடவிவிட்டு வந்திருந்தாள். இத்தனை வருஷமாக எது எதில் நுழையவில்லையோ அதற்கெல்லாம் கை தானாகத் தேடிப் போகிற டப்பா அது. ஒரு விரல் எடுத்துச் சுற்றிலும் தடவினாள். வாஷர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. லாக் ரிங்கை மாட்டி, தூசி உறையை இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

எழுந்ததும் அவர் கேட்டார். "கிரீஸ் போட்டியா?"

"போட்டேன்" என்றாள்.

பொய் என்று அவளுக்கே அப்போது தோன்றவில்லை. கிரீஸ் மாதிரி ஒன்று போட்டாயிற்று, வேலை முடிந்தது.

மறுநாள் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற புஷ் ராடை அளவு வைத்தார்கள். அது பிஸ்டனை முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, நூலிழை இடைவெளி வேண்டும். முட்டினால் பிரேக் விடாது, பிடித்துக்கொண்டே இருக்கும் என்றார். "ஒரு விசிட்டிங் கார்டு நுழையணும். ரெண்டு நுழையக் கூடாது." டிரைவிங் ஸ்கூல்காரரின் கார்டையே வைத்து அளந்தாள். பிறகு குழாய்களில் தங்கியிருந்த காற்றை வெளியே எடுத்தார்கள். அவர் கால் நன்றாகத்தான் வேலை செய்தது. பெடலில் அவர், சக்கரத்தடியில் ஸ்பேனரோடு இவள். நிப்பிளில் ட்ரிப்ஸ் ட்யூபை மாட்டி பாட்டிலில் விட்டிருந்தாள். அமுக்கு, பிடி, விடு என்று இருவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, குமிழி குமிழியாகக் காற்று வந்து, பிறகு தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. அவர் அதை மிதித்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வண்டியை ஓட்ட, பக்கத்தில் கணவர் உட்கார்ந்து போனார். வாரக் கடைசி என்றால் அதுதான் வேலை. கூரையை மடக்கி, காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு போய்வருவார். மேட்ரன் வாசலில் நின்று கதவைச் சாத்துவாள். சாவி மட்டும் அவளிடம்.

அப்புறம் ஒரு காலையில், கடைத்தெருவுக்கு ஏறுகிற சரிவில், நட்ட நடுவில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. முன் சக்கரங்களிலிருந்து புகை. பின்னால் பஸ், லாரி, எல்லாம் ஹாரன். சந்தையிலிருந்து பையோடு வந்துகொண்டிருந்த மேட்ரன் அந்தக் கூட்டத்தில்தான் போய் நின்றாள். டிரைவிங் ஸ்கூல்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கணவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிப்பிளைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் எண்ணெய் பீச்சியடித்தது, சக்கரம் விட்டுக்கொடுத்தது. ஓரமாகத் தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவன், "பெரியவரே, மியூசியத்துல விட்டுட்டு வாங்க" என்றான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "ரெண்டு கார்டுன்னு சொல்லியிருக்கணும். ஒண்ணுன்னு சொல்லிட்டேன் போல. ராடு முட்டுது."

"அளவு சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் அவள்.

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே நிச்சயமா தெரியல."

அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த நோய் சிலருக்குப் போகப் போக நினைவையும் தொடும் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்தார். அன்றிலிருந்து அவர் அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

பார்த்துவிடலாம் என்று அந்தப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்து, ராடைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் ஆடியது. கார்டு நுழைந்தது. அப்படியென்றால் ராடு முட்டவில்லை. பிரேக் விடாததற்கு வேறு காரணம். சிலிண்டருக்குள் எண்ணெய் திரும்பி வருகிற சின்ன ஓட்டையை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. என்ன அடைக்கும் என்று யோசித்தபடி கையைச் சட்டைப் பையில் விட்டாள். டப்பா விரலில் இடித்தது.

படிக்கிற காலத்தில் ஆசிரியை ஒருவர் ரப்பர் கையுறை ஒன்றில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி வகுப்பு மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அடுத்த வகுப்பில் அதை எடுத்து இழுத்துக் காட்டுவார். ஊதிப்போய், கொழகொழவென்று பிய்ந்து வரும். ரப்பருக்கு இது ஆகாது, எந்தக் காலத்திலும் மறக்காதீர்கள் என்பார். மேட்ரனும் மறந்ததில்லை. தனக்குக் கீழே வேலை பார்த்த எத்தனையோ பெண்களுக்கு அதையே சொல்லித் திட்டியிருக்கிறாள்.

வாசலில் அவர் வந்து நின்றார். "என்ன, ஆடலைதானே?"

அவள் குனிந்தபடியே, "ம்" என்றாள்.

அந்த ஒரு எழுத்துக்காகத்தான் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஜெல்லிக்காக இல்லை.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மாலையில் டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தபோது, வண்டியை எடுத்துக்கொள், யோசித்துவிட்டேன், இனி இது எனக்கு வேண்டாம் என்று அவராகவே சொன்னார். கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதருக்குக் கிடைத்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணி என்ன சொல்கிறார்கள் என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆசைப்பட்டது தானாக மடியில் வந்து விழுகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நோயாளியின் பாதுகாப்புதான் முக்கியம் என்று தனக்குத்தானே வகுப்பு எடுத்துக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் அடுத்த மாதம் பிறந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

ஆனால் கணவர் வண்டியோடு சேர்த்து மற்றதையும் கொடுக்க ஆரம்பித்தார். ரேடியோ செய்தியோடு சண்டை போடுகிறவர் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். மின்விசிறியில் சத்தம் வந்தால் எந்தத் திருகு என்று படுக்கையிலிருந்தே சொல்கிறவர், யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல் என்றார். மகள் போனில் ஏதோ யோசனை கேட்டதற்கு, "அம்மாகிட்டக் கேளு. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் சரியா வரதில்ல" என்று போனைக் கொடுத்துவிட்டார். சித்தியைப் பற்றி மகள் கேட்டபோது மேட்ரன், "இருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரிடம் வழக்கமாகப் போகிற நாள் வந்தது. கை எப்படி, நடை எப்படி என்று கேட்டு முடித்தபோது அவராகவே ஆரம்பித்தார். மறதி வந்துவிட்டது, வேலை விஷயத்தில் தவறான அளவு சொல்லி ரோட்டில் ஆபத்தாகிவிட்டது, ஆளைக் கொன்றிருப்பேன் என்றார். எத்தனை வருஷம் அளவு சொல்லிப் பிழைத்தவர். டாக்டர் மேட்ரனைப் பார்த்து, நீங்களும் கவனித்தீர்களா என்றார். அவள் மடியில் பையை வைத்திருந்தாள். பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாளா சோர்வா இருக்கார்" என்றாள். அது பொய்யில்லை. டாக்டர் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, சரிதானா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். பதில் எல்லாம் சரி. அந்தப் பார்வையைத்தான் டாக்டர் கவனித்திருக்க வேண்டும். நினைவுக்கென்று புதிதாக ஒரு மாத்திரை எழுதி, கொஞ்ச நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முன்பு இல்லத்தில் ஒரு புதுப் பெண் ஆள் மாறி மாத்திரை கொடுத்துவிட்டு, பயத்தில் மறைத்தாள். மேட்ரன்தான் கண்டுபிடித்து மேலே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று, அழுதுகொண்டே போனாள். கை தவறுவது யாருக்கும் நடக்கும், மறைக்கிறவளுக்கு இந்த வேலையில் இடமில்லை என்று அன்று மற்றவர்கள் முன்னால் வைத்துச் சொன்னாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை. மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் தூங்கியபோது மேட்ரன் ஷெட்டுக்குப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினாள். பிஸ்டன் எளிதாக வரவில்லை. வந்தபோது அதன் தலையிலிருந்த வாஷர் தண்ணீரில் ஊறிய திராட்சை மாதிரி ஊதியிருந்தது. நகம் பட்ட இடத்தில் கறுப்பாகக் கையில் ஒட்டியது. சந்தேகத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

காலையில் ஜன்னலைத் திறந்தாள். தலையணையைத் தட்டினாள். மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள், புது மாத்திரையையும் சேர்த்து. அவர் எப்போதும் போலப் பார்க்காமல் கையைத் தூக்கினார். ஷெட் பக்கம்கூட இப்போது பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்தபடி தூக்கினார். பாதி வழியில் அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவர் நடுக்கம் அவள் கையிலும் ஏறியது. விரலால் துழாவிப் புது மாத்திரையை மட்டும் எடுத்தாள்.

"இது உங்களுக்கு வேண்டாம்."

"டாக்டர் குடுத்ததுதானே?"

"நான் செஞ்ச தப்புக்குக் குடுத்தது."

துணியைப் பிரித்து ஊதிப்போன வாஷரையும், வாங்கிய வாஷர் கிட்டில் மிச்சமிருந்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போர்வையின் மேல் வைத்தாள். கிரீஸ் தீர்ந்துபோனதையும் டப்பாவை எடுத்ததையும் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், இல்லத்தில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவளிடம் ஒப்படைப்பது போலச் சொன்னாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லத் தெரியும்.

அவர் பழைய வாஷரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடிக்க முயன்றார். நழுவியது. மறுபடி பிடித்தார். நகத்தால் அழுத்தினார்.

"ராடு ஆடிச்சா?"

"ஆடிச்சு."

"கார்டு?"

"நுழைஞ்சுது. நீங்க சொன்ன அளவு சரி."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. நீங்க வாசல்ல வந்து கேட்டப்பவே."

மற்ற மாத்திரைகள் இன்னும் உள்ளங்கையில் இருந்தன. வியர்வையில் நிறம் விட ஆரம்பித்திருந்தன. கடைசியில் சொன்னார்.

"ரப்பரைக் கெடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. யாருக்கும் கை தவறும். என் மண்டைய நானே நம்பாம உட்கார்ந்திருந்தேனே, அதைத் தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்?"

"வண்டி போகட்டும்னுதான். ஜெல்லி கை தவறினது. பேசாம இருந்தது கை தவறினதில்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரமத்தையும் அவர் தலையில் ஏற்றத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

அவர் மாத்திரைகளை மேஜையில் வைத்துவிட்டு கைத்தடியைப் பிடித்து எழுந்தார். அவள் கை தானாக நீண்டது. "வேண்டாம்" என்றார். வராந்தாவைக் கடந்து, படியில் ஒரு காலும் இன்னொரு காலுமாக இறங்கி, ஷெட்டுக்குள் போனார். கூடவே போய்ப் பிடித்துக்கொள்வதுதான் அவள் தொழில். போகாமல் சமையலறையில் நின்றாள். தகரத்தில் ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. இன்னொன்று விழுந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு குரல் வந்தது. "மேட்ரன். விரிப்பை எடுத்துக்கிட்டு வா. மொத்தத்தையும் கழட்டணும்."

ஜெல்லி எண்ணெயோடு கலந்து எல்லாக் குழாய்க்கும் போயிருக்கும். ஒரு வாஷரை மாற்றினால் போதாது. நான்கு சக்கரமும் மறுபடி பிரிந்தது. குழாய்களையெல்லாம் ஸ்பிரிட் விட்டுக் கழுவினாள். புது கிட் வந்தது, புது ஹோஸ் வந்தது, சிவப்புக் கிரீஸ் இரண்டு ட்யூப். அவர் நாற்காலியை முன்பைவிடப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வாஷரையும் போடுவதற்கு முன் விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போல. அவள் காட்டினாள். அளவுகளை அவரே சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராடுக்கு வந்தபோது, "ஒரு கார்டு" என்றார். கேட்கவே வேண்டாத குரலில்.

டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். இல்லத்து அலுவலகத்தில் அந்தப் பெண் நின்றது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னாள். டாக்டர் அவரை மறுபடி வரவழைத்துப் பரிசோதித்து, வயசுக்கு இருக்கிற மறதிதான் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் மாதம் பிறந்ததும் வந்து நின்றார். வண்டி தருவதாகச் சொன்னது யார் என்று கணவர் கேட்டார். நீங்கள்தான் என்றதற்கு, எனக்கு மறதி, அண்ணியைக் கேட்டுப் பார் என்றார். அண்ணி, "ஓட்டறதுக்கு வாங்க. எடுத்துட்டுப் போறதுக்கு வராதீங்க" என்றாள். மனிதர் பழையபடி கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்ற நிம்மதியோடு போனார்.

பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, நன்றாக விடுகிறது. வெயில் காலம் முழுக்க ஓடியும் ஒரு சொட்டுக் கசிவில்லை. மகள் வந்திருந்தபோது அப்பாவை உட்கார வைத்துத் தானே ஓட்டிப் போனாள்; சித்திக்குக் கோபமெல்லாம் போய்விட்டது என்று வந்து சொன்னாள். மேட்ரன் சாவியை இப்போது ஷெட்டிலேயே ஆணியில் மாட்டிவிடுகிறாள். பயமாகத்தான் இருக்கிறது. மாட்டிவிடுகிறாள்.

மாத்திரை நேரம்தான் மாறிப்போயிற்று. உள்ளங்கையில் வைத்ததும் அவர் வாயில் போடுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

"இது?"

"நடுக்கத்துக்கு."

"இது?"

"பிரஷருக்கு."

"இந்த மஞ்சள்?"

"சத்து மாத்திரை."

ஒவ்வொன்றையும் கேட்டபிறகுதான் ஒவ்வொன்றாக விழுங்குகிறார். காலை வேலை தள்ளிப்போகிறது. நோயாளி தன் மருந்தைத் தெரிந்து சாப்பிடுவதுதான் முறை என்று அவளே பாடம் நடத்தியிருக்கிறாள், அதனால் அவசரப்படுத்துவதில்லை. தண்ணீர் டம்ளரோடு நின்று, கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சில நாள் கடைசி மாத்திரையைப் பிடித்துக்கொண்டு, அந்த மரப்பலகை முகத்தோடு, "இதுல ஜெல்லி எதுவும் இல்லையே?" என்று கேட்பார்.

அவள் தோளைப் பார்ப்பாள். கை நடுக்கத்தில் தோளும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். குலுங்குகிறதா, நடுங்குகிறதா என்று சொல்ல முடியாது.

"இல்லைங்க" என்பாள்.